குறுக்கே வந்த கை

யாரோவாம். யாரோ குறுக்கே வந்துவிட்டார்களாம். தெய்வானை மூன்றாவது வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மேடையில் சங்கத்தின் தேசியத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பூனாவிலிருந்து இதற்கென்றே ஈரோட்டுக்கு வந்திருக்கிற திருமதி கேல்கர். நல்ல உயரம், நல்ல பட்டு, நல்ல சிரிப்பு. அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, மாவட்டச் செயலாளர் பிரமிளா பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னாள். "ஒரு குடும்பத்தின் நினைவுகளைக் காப்பாற்றுவதைவிடப் பெரிய பொழுதுபோக்கு உலகத்தில் கிடையாது என்று தலைவர் சொல்கிறார்." கல்யாண மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். தெய்வானையின் கைகளும் கூடவே தட்டின. தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று உறைத்தது. காப்பாற்றுகிறார்களாம். காப்பாற்றுகிற லட்சணத்தைத்தான் சற்று முன் அந்த மேஜையில் பார்த்துவிட்டு வந்தாளே. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினால் என்ன? பிடுங்கி என்னத்தைச் சொல்வது? நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்து பழக்கமில்லாத ஜென்மம். "என்னங்கக்கா, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்குது? ஃபேனுக்கு அடியில மாறிக்கறீங்களா?" என்றாள் பக்கத்து நாற்காலி வளர்மதி. "ஒண்ணுமில்லீங்க" என்றாள் தெய்வானை. ஒன்றுமில்லை. அதுவும் சுலபமாக வந்துவிட்டது. எப்போதும் வருகிற வார்த்தைதானே.

பிரதான மேஜை மண்டபத்தின் வலப்பக்கச் சுவரோரம் இருந்தது. மாநிலம் முழுக்க இருந்து வந்த ஆல்பங்கள் வெல்வெட் துணி விரித்து அதன்மேல் திறந்து வைக்கப்பட்டிருந்தன. தன்னுடையது நடுவில் இருந்ததைப் பார்த்ததும் தெய்வானைக்கு முதலில் சந்தோஷம்தான். பெருமையாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைப்பானேன். கிட்டே போனாள். கல்யாணப் பக்கம் திறந்திருந்தது. அவளுடைய கல்யாணப் போட்டோ இதய வடிவத்தில் இருந்தது. சுற்றிலும் லேஸ், லேஸின் மேல் முத்து ஸ்டிக்கர், மூலையில் ஒரு பட்டாம்பூச்சி, கீழே மினுமினுக்கிற எழுத்தில் ஹாப்பி மொமெண்ட்ஸ். இதயத்துக்குள் அவள் முகமும் நாச்சிமுத்துவின் முகமும் மாலையோடு இருந்தன. இடுப்போடு முடிந்துபோயிருந்தது படம். அரக்குப் பட்டின் கொசுவம் இல்லை. கொசுவத்துப் பக்கத்தில் இருந்தது இல்லை. நெளிநெளியாக ஓரம் வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று உண்டு, அதனால் வெட்டியிருந்தார்கள். விளிம்பு முழுக்கப் பல் பல்லாக இருந்தது. ஒட்டியிருக்கிற லேஸுக்கு அடியில் மடித்து வைத்திருப்பார்களோ என்று ஒரு நப்பாசை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். இல்லை. பிரமிளா தட்டு நிறைய பேட்ஜை எடுத்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். "ஏனுங்க பிரமிளா, இதுல ஓரத்துல ஒரு கை இருந்துச்சே?" "ஆமாங்க்கா! யாரோ குறுக்க வந்துட்டாங்க. அழகா எடுத்துட்டன் பாத்தீங்களா? இப்பத்தான் உங்க முகமே எடுப்பாத் தெரியுது." "அந்தத் துண்டு எங்கீங்க?" "எந்தத் துண்டு? வெட்டுன கழிவா? அதெல்லாந்தான் தாம்பாளத்துல போட்டுத் தூவிட்டமுங்க்கா. நீங்களுந்தான தூவுனீங்க. உக்காருங்க, தலைவர் பேசப் போறாங்க." பேட்ஜ் தட்டு போய்விட்டது. தெய்வானை நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு யாரோ தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார்கள், வந்து உட்கார்ந்தாள். சொன்னால் கேட்டுக்கொள்கிற பழக்கம் அவ்வளவு தூரம் ஊறிப் போயிருந்தது.

கழிவாம். இந்த வார்த்தையை அவள் கேட்காதவளா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சேர்த்ததெல்லாம் குப்பைதான் அந்த வீட்டில். பழைய டைரிகளில் மைதா பசை காய்ச்சி அவள் ஒட்டி வைத்தாள்: மகன் முதன்முதலில் பள்ளிக்குப் போன நாளில் சட்டையில் குத்திய காகிதப் பெயர், பவானி கோயில் அர்ச்சனைச் சீட்டு, எடுத்த சேலைகளின் முந்தானை நூல், தீப்பெட்டி மேல் படம், இட்லி மாவு புளிக்காத ஒரு மார்கழியில் வாசலில் போட்ட கோலத்தின் வரைபடம். "எதையாச்சும் வெட்டி எதுலயாச்சும் ஒட்டீட்டே இரு" என்பார் நாச்சிமுத்து. மாமியார் அதற்கும் ஒருபடி மேலே போய், கரையானுக்குச் சோறு போடுகிறாள் என்பார். அப்படி இருந்தவளிடம்தான் பிரமிளா வந்தாள். மூன்று தெரு தள்ளி இருக்கிறவள், பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ரேஷன் கார்டு நகல் எடுக்கிற கடையில் ஆரம்பித்த பேச்சு, வீடு வரை வந்து, அலமாரியைத் திறக்கிற வரை போயிற்று. டைரிகளைப் பார்த்துவிட்டுப் பிரமிளா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, இதுக்குப் பேரு ஸ்கிராப்புக். வெளிநாட்டுல இதுக்குன்னே தனிக்கடை இருக்குதுங்க. நம்ம நாட்டுக்கே ஒரு சங்கம் இருக்குது." அகில இந்திய ஒட்டேட்டு ஆர்வலர் சங்கம். ஒட்டேடு என்பது பிரமிளாவே கண்டுபிடித்த தமிழ். அதில் அவளுக்கு ஒரு பெருமை. வீட்டுக்கு ஓர் ஒட்டேடு என்று நோட்டீஸ் அடித்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், செல்போனைக் கீழே வை, கத்தரிக்கோலைக் கையில் எடு என்று பேசி, வெயிலில் முகம் கறுத்து அலைந்தாள். அந்த அலைச்சலைத் தெய்வானையும் கூடவே அலைந்தாள். உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டு வந்த அன்று நாச்சிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். குப்பைக்காரி ஒரே நாளில் கலைஞர் ஆகிவிட்டாள். அந்த நன்றி இருக்கிறதே, அதுதான் இப்போது அவளை எழுந்திருக்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வேறு எவளாவது இதைச் செய்திருந்தால் மண்டபம் இரண்டாகியிருக்கும் என்று தெய்வானை நினைத்தாள். நினைத்துவிட்டு, ஆகியிருக்காது, அப்போதும் நீ இப்படித்தான் வாரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

போன வாரம் பிரமிளா வீட்டுக்கு வந்து ஆல்பத்தைக் கேட்டாள். டைரியிலிருந்து நல்ல பக்கங்களை எல்லாம் எடுத்துத் தெய்வானை புதிதாகக் கட்டிய ஆல்பம் அது. "கொஞ்சம் தேசியத் தரத்துக்குக் கொண்டு வந்தரலாமுங்க்கா. தலைவர் பாக்கறது." குடுத்தனுப்பு, உனக்கும் ஒரு பேர் கிடைக்கட்டும் என்றார் நாச்சிமுத்து உள்ளேயிருந்து. கொடுத்துவிட்டாள். தேசியத் தரம் என்றால் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாம், அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். அத்தனை வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டவள்தானே. படம் என்றால் முகம். முகத்துக்கு இடைஞ்சலாக வருகிற தூண், நாற்காலி, டம்ளர், அடுத்தவர் முதுகு, எல்லாவற்றையும் வெட்டு. சங்கத்தின் கையேட்டில் அது முதல் பாடம். வெட்டத் தயங்குகிறவர் ஒட்ட முடியாது என்று பிரமிளா சொல்லும்போது தெய்வானையும் தலையாட்டியிருக்கிறாள். வேறு பெண்களின் படங்களில் அவளே வெட்டிக் கொடுத்ததும் உண்டு. ஆனால் கேட்டுவிட்டு வெட்டினாள். இது யாருங்க, இது வேணுங்களா என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கேடு வந்தது பிரமிளாவுக்கு? மூன்று தெருதானே, போன் ஒன்று போட்டிருந்தால்? யாரோ என்று முடிவு கட்ட இவள் யார்? மேடையில் இப்போது பிரமிளா தேசியத் தலைவரின் இன்னொரு வாக்கியத்தைத் தமிழாக்கினாள். "சோகத்தை ஒட்டாதீர்கள், மகிழ்ச்சியை ஒட்டுங்கள்." கைதட்டல். இந்தத் தடவை தெய்வானை தட்டவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சோகம் ஒன்றும் இல்லை தலைவரம்மா, அந்தக் கையில். நேராக்கத்தான் வந்தது. கல்யாணம் நடந்ததும் இப்படி ஒரு மண்டபத்தில்தான், இதைவிடச் சின்னது, கோபிப் பக்கம். அப்பா போய்ச் சேர்ந்தபோது தெய்வானைக்குப் பால்பல்கூட விழவில்லை. அதற்குப் பிறகு அம்மா பாவாயி வெள்ளைச் சீலையைச் சுற்றிக்கொண்டு, தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்து, மகளின் பட்டைக்கூடத் தானே கடைக்குப் போய் எடுத்து வந்தவள். முகூர்த்த நேரத்தில் அவள் பின்னால் சாமான் அறையில் இருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை, அவளே போய்விட்டாள். அப்படிச் சொல்லித்தான் பெருமைப்பட்டுக்கொண்டார்கள் எல்லோரும். நல்ல மனுஷி, இடம் தெரிந்து நடந்துகொள்கிறாள் என்று. அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தபோது முன்னால் கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. ஊரே அட்சதை போட்டது. ராத்திரி புகுந்த வீட்டுக்குப் போகிற வண்டியில் ஏறுவதற்கு முன்னால் தெய்வானை அவளைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டு, நீங்க மட்டும் அட்சதை போடலீங்களே அம்மா என்று அழுதபோது, பாவாயி சிரித்தாள். "போட்டனே கண்ணு. மேளச் சத்தம் கேட்டதும் போட்டன். அரிசி மூட்டை மேல போயி விழுந்துச்சு." அரிசி மேலேயே அரிசி. அதைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மகளின் தலையில் பூவை அழுத்திச் செருகினாள். அந்த அழுத்தம் இப்போதும் பின்னந்தலையில் இருக்கிறது. அன்றைக்குப் பகலில், கூட்டமெல்லாம் சாப்பிடப் போன சமயத்தில் போட்டோக்காரர், உள்ளே வெளிச்சம் போதாது என்று, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொல்லைப் பக்கம் கூட்டி வந்து சாமான் அறைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஆடாதீங்க, அசையாதீங்க, இங்க பாருங்க. கொசுவம் ஒரு பக்கம் ஏறி இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தவள் பார்த்துவிட்டாள். கதவு நிலையைத் தாண்டி ஒரு கை மட்டும் வந்தது. வளையல் இல்லாத மணிக்கட்டு, வெள்ளைச் சீலையின் ஓரம், கொசுவத்தின் நுனியைப் பிடித்து இழுத்துவிடுகிற மூன்று விரல். அந்த நிமிஷம் விளக்கு பளிச்சென்று அடித்தது. "கையை உள்ள இழுங்க சம்பந்தி, போட்டோவுல விழுந்தறப் போகுது" என்று மாமியாரின் குரல். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வைகிறதானாலும் 'ங்க' போட்டுத்தான் வைவார்கள். கை உள்ளே போய்விட்டது. ஆனால் படத்தில் விழுந்துவிட்டது.

அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. எனக்கெதுக்குக் கண்ணு போட்டோ என்பாள். கல்யாணமாகி இரண்டாவது ஆடியில் அவள் காய்ச்சலில் போனபோது, மாலை போட்டு வைக்க ஒரு படம் இல்லாமல் வெறும் விளக்கைத்தான் ஏற்றி வைத்தார்கள். இருந்த ஒரே படத்தில் அவள் இருந்தாள் என்று தெய்வானை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் ஆல்பம் வந்த அன்றே மாமியார் அந்தப் படத்தைத் தனியாக உருவி வைத்துவிட்டார். மூளிக் கை தெரிகிறது, வீட்டில் வைத்திருந்தால் விளங்காது என்று. அடுப்பில் போடுவதற்கு முன்னால் தெய்வானை அதை எடுத்துப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த காகிதத்துக்குள் சொருகினாள். தொலைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மாமியார் போகிற வரை அது வெளியே வரவில்லை. மூன்று வீடு மாறியது, ஒரு தடவை காவிரித் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது, அந்தப் பெட்டியைத்தான் முதலில் பரணில் ஏற்றினாள். முகம் நாளாக ஆக நினைவில் மங்கிக்கொண்டு போயிற்று. மூக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் சித்தியின் மூக்கு வந்து நிற்கிறது. கை மட்டும் மங்கவில்லை, படத்தில் இருந்ததால். இப்போது யோசித்துப் பார்த்தால் மாமியாருக்காவது அது யாருடைய கை என்று தெரிந்திருந்தது. தெரிந்துதான் வேண்டாம் என்றார். அந்தக் கோபத்தை ஒரு கணக்கில் வைத்துக்கொள்ளலாம். தெரியாமல், சிரித்துக்கொண்டே, உனக்கு நல்லது செய்கிறேன் என்று வெட்டுகிறவளை என்ன செய்வது? அவளிடம் கோபப்பட்டால் நன்றி கெட்டவள் என்பார்கள். அன்றைக்கு அமங்கலம் என்று ஒதுக்கியதை இன்றைக்கு அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்குவது மட்டும் மாறவில்லை. அதுவும் எங்கே, நினைவுகளைக் காப்பாற்றுகிற சங்கத்தில்!

பிறகு அந்தத் தாம்பாளம். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. தலைவரைப் பூப்போட்டு வரவேற்றால் பூ வாடிவிடும், நம் சங்கத்துக்கு நம் பூ என்று பிரமிளாவுக்கு ஒரு யோசனை. எல்லோருடைய ஆல்பத்திலும் வெட்டி மிஞ்சியதை எல்லாம் சேர்த்து, கலர்க் காகிதங்களைப் பூ அச்சில் குத்தி, போட்டோத் துண்டுகள் தடிமனாக இருந்ததால் அச்சுக்குள் போகாமல் அப்படியே நீள நீளமாகக் கலந்து, தாம்பாளங்களில் நிரப்பி வைத்திருந்தாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். வாசலிலிருந்து மேடை வரை சிவப்பு விரிப்பின் இருபக்கமும் பெண்கள் நின்றார்கள். தெய்வானையும் நின்றாள், முன்னாலேயே நின்றாள், இடித்துக்கொண்டு நின்றாள். தாம்பாளம் வந்தபோது கை நிறைய அள்ளினாள். தலைவரின் தலைக்கு எட்ட வேண்டும் என்று எம்பித் தூவினாள். எட்டியது. திருமதி கேல்கர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! எந்தப் பிடியில் இருந்தாள் அம்மா? தன் பிடியிலா, வளர்மதியின் பிடியிலா, எதிர்வரிசையிலா? தன் கையிலேயே அந்தக் கை இருந்து, பார்க்காமல் வீசி எறிந்திருந்தால்? கடவுளே, அட்சதைபோல அல்லவா போட்டார்கள். முகூர்த்தத்தில் ஒரு பிடி அரிசி போட முன்னால் வரக்கூடாதவளை, யாரோ ஒரு பூனாக்காரியின் தலையில் அட்சதையாகப் போட்டு, அவள் செருப்புக்கு அடியில் மிதிக்க விட்டு. விரிப்பின் மேல் இங்கிருந்தே தெரிகின்றன துண்டுகள், மஞ்சளும் பச்சையும் பளபளப்புமாக. பேட்ஜ் கொடுக்கிறவர்கள், தண்ணீர் கொடுக்கிறவர்கள், வீடியோக்காரர், எல்லோரும் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

மண்டபத்தைக் கூட்டுகிற அம்மாள் வாசலில் விளக்கமாற்றோடு வந்து நின்றாள். பேச்சு நடக்கும்போது கூட்டக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். காலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கறுப்புப் பை வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பேச்சு முடிந்தால் கௌரவிப்பு, கௌரவிப்பு முடிந்தால் சாப்பாடு. சாம்பார் மணம் இப்போதே மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது. கூட்டம் எழுந்து பந்திக்கு ஓடும், அத்தனை காலும் ஒரே நேரத்தில், பின்னாலேயே விளக்கமாறு. அவ்வளவுதான். போய் இப்போதே பொறுக்கினால் என்ன? நடுவிரிப்பில், எல்லோர் கண் முன்னாலும், வீடியோ ஓடும்போது, மண்டி போட்டுக்கொண்டா? என்ன நினைப்பார்கள்? பிரமிளாவின் முகம் என்னாகும்? ராப்பகலாக ஓடி ஓடி நடத்துகிற விழா. பாவம்தான் அவளும். பாவமாவது, மண்ணாவது! இந்தப் பாவம் பார்த்துப் பார்த்துத்தானே. சாமான் அறையில் நின்றவளும் இப்படித்தான் பார்த்திருப்பாள்: மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், கல்யாணம் கெட்டுவிடுமே. இடம் தெரிந்து நடந்துகொண்டாள், நல்ல பேர் எடுத்தாள், படம் இல்லாமல் போனாள். ஆனால் கொசுவம் கோணலாக இருந்தபோது கை வந்ததே. யோசிக்காமல் வந்ததே அந்தக் கை. சம்பந்தி வைவாள் என்று தெரியாதா அவளுக்கு? தெரியும். தெரிந்தும் கதவு நிலையைத் தாண்டி நீட்டினாள். தெய்வானை தன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். விரலெல்லாம் சிவந்து, நாற்காலியின் கோடு பதிந்திருந்தது. அம்மாவின் விரல்தான். நீளம் குறைந்த, நுனி தட்டையான விரல். இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

"அக்கா, உங்களத்தான் கூப்படறாங்க, எந்திரிங்க" என்று வளர்மதி உலுக்கினாள். எழுந்தாள். படி ஏறினாள். பொன்னாடை தோளில் விழுந்தது. சரசரவென்று புது வாசனை. திருமதி கேல்கர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பிரமிளா மைக்கை அவள் கையில் திணித்துக் காதோடு சொன்னாள். "ரெண்டே வார்த்தைங்க்கா. நன்றின்னு சொன்னாப் போதும். சாப்பாடு ஆறிப்போயிரும்." கீழே பின்வரிசைகளில் பைகளை எடுக்கிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. வாசலில் விளக்கமாறு சுவரிலிருந்து நிமிர்ந்தது. விரிப்பின் அந்தக் கோடியில் முதல் வீச்சு விழுந்தது.

"கூட்டாதீங்க!"

ஒலிபெருக்கியில் அது மண்டபத்தையே அதிர வைத்தது. தெய்வானைக்கே அது தன் குரல் என்று நம்ப முடியவில்லை. விளக்கமாறு நின்றது.

"யாரும் எந்திரிக்காதீங்க. நடக்காதீங்க. காலை மேல தூக்கிக்குங்க எல்லாரும். எங்கம்மா கீழ கெடக்கறாங்க."

திருமதி கேல்கர் பிரமிளாவைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று. பிரமிளா அன்றைக்கு முதல் தடவையாகத் தமிழாக்காமல் நின்றாள். "அக்கா, என்னதிது, யாரு..." என்று ஆரம்பித்தாள். "நீங்க யாரோன்னீங்களே, அவங்க" என்றாள் தெய்வானை. மைக் வாயருகே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. "எங்கம்மா பேரு பாவாயி. அவங்களுக்கு வேற போட்டோ இல்லீங்க. அந்தக் கை ஒண்ணுதான் இருந்துச்சு. வெட்டித் தூவிட்டோம். நானுந்தான் தூவுனேன்." மைக்கைக் கீழே வைத்தாள். பொன்னாடை தோளிலேயே இருக்க, படியிறங்கி விரிப்பின் ஆரம்பத்தில் மண்டி போட்டாள். முட்டி நறுக்கென்றது. அதற்கும் கோபம் வந்தது. பொறுக்க ஆரம்பித்தாள். பாதி வானம். ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி. யாருடைய தோளோ. முதல் வரிசையில் கால்கள் உயர்ந்தன, பிறகு இரண்டாவது வரிசையில். பட்டுச் சேலைகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வளர்மதி நாற்காலியிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்தாள். "எந்த மாதிரி இருக்குமுங்க்கா?" "வெள்ளைச் சீலை ஓரம். வளையல் இருக்காதுங்க." இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். பக்கவாட்டில் ஒருத்தி ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இது எங்க பழைய வீட்டுத் திண்டுங்க. அப்பா இதுலதான் சாஞ்சு உக்காருவாரு." அவளுக்கு முன்னால் இருந்தவள் எழுந்து வந்து தன் பங்குக்குத் தேட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

அது மேடைப்படிக்கு அடியில், விரிப்பின் மடிப்பில் கிடந்தது. தெய்வானையே எடுத்தாள். சுண்டு விரல் அளவு அகலத் துண்டு, ஓரமெல்லாம் பல் பல்லாக. மேலே ஒரு செருப்பின் வரி. முந்தானையால் துடைத்தாள், வரி முழுக்கப் போகவில்லை. வெள்ளைச் சீலை இருந்தது. மணிக்கட்டு இருந்தது. வெட்டியவள் தெரியாமல் கொசுவத்தின் நுனியையும் சேர்த்தே வெட்டியிருந்தாள், அந்த மூன்று விரலுக்கு நடுவில் அரக்குப் பட்டு ஒரு நூலளவு மாட்டிக்கொண்டிருந்தது. அம்மா பிடியை விடவில்லை. தெய்வானை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சபை இருக்கிறது என்கிற நினைப்பே அவளுக்கு இல்லை.

பிரமிளா வந்து பக்கத்தில் குந்தினாள். அவள் முகம் இருந்த இருப்பைப் பார்க்க முடியவில்லை. ஒரு கையில் பசைக்குப்பி, இன்னொரு கையில் ஆல்பம். "அக்கா, எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமாத் தெரியாது. நானே ஒட்டித் தாறனுங்க. வெட்டுனதே யாருக்கும் தெரியாத மாதிரி ஒட்டித் தாறன்." தெய்வானை ஆல்பத்தை வாங்கி மடியில் விரித்தாள். பட்டாம்பூச்சியைப் பிய்த்தாள். முத்துகளைப் பிய்த்தாள். மினுமினுத்த எழுத்துகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில் துண்டை வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரமிளாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் 'ங்க' போடாமல் பேசாதவள்.

"தெரியற மாதிரி ஒட்டு" என்றாள்.